பட்டறைப் பதில்கள்: சிவப்பு ஆயிலும் ஃபில்லர் பிளக்கும்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் பிக்கப் 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கொப்பரை மூட்டை ஏற்றிக்கொண்டு அடிக்கடி திம்பம் மலை ஏறுகிறேன். கியர்பாக்ஸ் ஆயிலை எங்கள் தோட்டத்துச் சாளையிலேயே மாற்றலாமா? 'ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்கிறார் ஒருவர்.
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: மாற்றலாமுங்க. முதலில் உங்களுடையது எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள். கிளட்ச் பெடல் இல்லாததை எல்லாம் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் வகை என்றால், உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், அதற்குக் கியர் ஆயில். கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே எஞ்சின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்குத்தான் ஏடிஎஃப் என்கிற சிவப்பு ஆயில். அதிலும் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே வாங்குங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

ஆயுசுக் கணக்கு மூட்டை ஏற்றும் வண்டிக்குச் செல்லாது. 27 கொண்டை ஊசி வளைவையும் பாரத்தோடு ஏறும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதிப்பேறும். அந்தச் சூடுதான் அதன் எமன்.

ஆயிலை இறக்கும் முன், ஆயில் ஊற்றும் வாயை அடைத்திருக்கும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இது நான் பட்ட பாடு. சங்ககிரியில் என் பட்டறைக்கு வந்த முதல் ஆட்டோமேட்டிக் வண்டியில், அவசரப்பட்டு, ஆயிலை இறக்கும் ட்ரெயின் பிளக்கை முதலில் கழற்றிவிட்டேன். ஆயில் இறங்கியது. அப்புறம் ஃபில்லர் பிளக்கில் அலன் கீயைப் போட்டால், சதுக்கென்று வழுக்கி ஆறு மூலையும் வட்டமாகிவிட்டது. வண்டிக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வெல்டிங்காரர் வந்து, பிளக் தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகிய பிறகுதான் மூச்சு வந்தது.

களம் மட்டமாக இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். இறங்கிய ஆயிலை அளந்து வையுங்கள். முழுவதும் இறங்காது, டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். எத்தனை லிட்டர் வந்ததோ அத்தனையே திரும்ப ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸின் அடித்தட்டான பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைத் தடவிப் பாருங்கள். விபூதிக் குழம்பு மாதிரி சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. நகத்தில் இடறும் துண்டுகள் கிடைத்தாலோ, ஆயிலில் தாளிப்புக் கருகிய வாடை அடித்தாலோ ஆயில் மாற்றி மட்டும் பிரயோஜனமில்லை, கியர்பாக்ஸைப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஊற்றியதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்துங்கள். லெவல் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) இருந்தால் சாளையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இல்லாத வண்டியில், புத்தகம் சொல்லும் சூட்டில் எஞ்சின் ஓடும்போதே லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் கையில் இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். கூடினால் நுரைக்கும், குறைந்தால் கியர் வழுக்கும்.

கேள்வி: பழைய ஆயிலைக் கரையானுக்காக வேலிக் கம்பத்தில் பூசலாமா?
- அதே வாசகர்

பதில்: நானும் ஒரு காலத்தில் பூசியவன்தான். இப்போது வேண்டாமுங்க. மழைக்கு இறங்கி உங்கள் கிணற்றுக்கே வரும். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவர்களுக்குப் பழைய ஆயிலை அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.