வரியிலை ஐரிஸ்: கிழங்கு அழுகுகிறது, பச்சை முளை கிளம்புகிறது

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்து முன்வாசலில் வெள்ளை வரியோடிய ஐரிஸ் பூச்செடி வைத்திருக்கிறேன். இஞ்சிக்குச் செய்வது போல மண் அணைத்து, சாணமும் போட்டேன். ஆடி மழையில் இலைகள் அடியோடு சாய்ந்து நாறுகின்றன. மிச்சத் தூரில் வரியே இல்லாத பச்சை இலைகள் வருகின்றன. பூவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எந்தச் செடி என்று பாருங்கள். இலையைக் கசக்கும்போது வசம்பு வாசனை வந்தால் அது வரியிலை வசம்பு. தண்ணீர் நின்றாலும் அழுகாது. இலை ஒடுங்கி, நடுநரம்பு தடித்துத் தெரிந்தால் ஜப்பான் ஐரிஸ். அது ஈரத்தையும் புளிப்பு மண்ணையும் விரும்பும், சுண்ணாம்பு ஆகாது. இலை அகன்று, சாம்பல் பூத்த பச்சையாக, விசிறிபோல் விரிந்து, தடித்த கிழங்கு மண்மேல் ஊர்ந்தால் அது ஐரிஸ் பல்லிடா. நீங்கள் சொல்வதெல்லாம் இதற்குத்தான் பொருந்துகிறது.

பல்லிடாவின் சொந்த மண் குரோஷியாவின் ஏட்ரியாட்டிக் கடலோரப் பகுதியான டால்மேஷியா. சுண்ணாம்புப் பாறையும் கோடை வறட்சியும் கண்ட செடி. மூணாற்றில் குளிர் ஒன்றுதான் அதற்கு ஒத்துவருகிறது. தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணும் தென்மேற்கு மழையும் ஒத்துவராது. கீழே போடி, கம்பத்தில் குளிரும் கிடையாது. அங்கே வைப்பவர்கள் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

அழுகலுக்குக் காரணம் மண் அணைத்ததுதான். இஞ்சியை மூட வேண்டும், இதை மூடவே கூடாது. கிழங்கின் மேல்பாதி வெயில் பட்டுக் காய வேண்டும். மூடிய கிழங்கில் ஈரம் தங்கும். சிறு காயம் இருந்தாலும் மென்னழுகல் பாக்டீரியா புகுந்து உள்ளே கூழாக்கிவிடும். மக்காத சாணம் இளசான, நீர் கோத்த வளர்ச்சியைத் தந்து நோய்க்கு வழிவிடும்.

மழை விடட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தோண்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் தோல் அரிக்கும். கிழங்கை அழுத்திப் பார்த்து, மெத்தென்ற பகுதியைப் பழைய ஸ்பூனால் சுரண்டுங்கள்; கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை விடக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் நல்ல கிழங்குக்கும் நீங்களே நோயைக் கொண்டுபோவீர்கள். லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலில் 15 நிமிடம் முக்கி, நிழலில் 2 நாள் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய தொட்டியில் இறவாணத்துக்கு உள்ளே தள்ளி வையுங்கள். அழுகிய துண்டுகளை எருக்குழியில் போடாதீர்கள். ஆடு மாடு எட்டும் இடத்திலும் வேண்டாம், தின்றால் வயிற்றுக்கு ஆகாது.

நடவுக்கு நவம்பர் கடைசி, டிசம்பர் சரி. துலாமழை (ஐப்பசி வடகிழக்கு மழை) ஓய்ந்திருக்கும், அடுத்த இடவப்பாதிக்குள் (ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை) வேர் பிடித்துவிடும். பாத்தியை 25 செ.மீ. உயர்த்தி, மூன்றில் ஒரு பங்கு பருமணல் கலந்து, சதுர மீட்டருக்கு 250 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு மூன்று வாரம் முன்பே கொத்திவிடுங்கள். மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) 6.5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எருவாக எலும்புத் தூள் 50 கிராம் போதும். யூரியா தொடவே வேண்டாம். இலையை 15 செ.மீ. விட்டு நறுக்கி, சின்ன மண்மேட்டின் மேல் கிழங்கை உட்கார வைத்து, வேரை இருபுறமும் இறக்கி மூடுங்கள். இடைவெளி 30 செ.மீ. நட்டதும் ஒரு தண்ணீர், பிறகு புது இலை வரும்வரை வாரம் ஒன்று.

பச்சை முளை நோயல்ல. வெள்ளை வரியில் பச்சையம் கிடையாது. குருத்தில் பச்சை, வெள்ளைத் திசுக்கள் அடுக்காக இருக்கின்றன. பச்சை அடுக்கிலிருந்து மட்டும் கிளம்பும் முளை முழுப்பச்சையாகிவிடும். அது அதிக வீரியம் காட்டி, வரியிலைத் தூரை நெருக்கி அழித்துவிடும். மேலே இலையை மட்டும் அறுத்தால் திரும்பவும் வரும். அது தாய்க் கிழங்கோடு சேரும் கழுத்தில், துண்டோடு வெட்டி எடுங்கள். முழு வெள்ளை முளையும் வரும், ஆனால் பிரித்து நட்டால் உணவு தயாரிக்க முடியாமல் செத்துவிடும். நடுவதற்கு இரண்டு நிறமும் பாதிப்பாதியாக ஓடும் விசிறிகளையே எடுங்கள். விதை போட்டால் வரி வராது, கிழங்கைப் பிரிப்பது ஒன்றே வழி.

பூவுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். சில்வர் ஓக் நிழல் விழும் இடமென்றால் மாற்றிவிடுங்கள். ஒரு விசிறி ஒரு தடவைதான் பூக்கும், அடுத்தது பக்கக் கன்றுகளில் வரும். அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும்.

இத்தனை செய்தாலும் ஜூன், ஜூலை மழையைத் திறந்த பாத்தி தாங்குவது சந்தேகம்தான். நாலு மூங்கில் நட்டு மேலே பாலித்தீன் கட்டுங்கள், பக்கங்களை மூடாமல் காற்றோட விடுங்கள். அந்த வேலை முடியாதென்றால் 12 அங்குல மண் தொட்டியே மேல். மே கடைசியில் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம்.