அம்மாவுக்கு நிறுத்திய நாலாயிரம்

கேள்வி: எனக்கு வயது 37. வசனத்தின்படி வாழ வேண்டும் என்ற வாஞ்சை அதிகம். புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை லூக்கா 6:38: “கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்.” அதைப் பற்றிக்கொண்டு தேவன் பெருக்கித் திருப்பித் தருவார் என்று நம்பி, மாதம் 5,000 ரூபாய் விசுவாச விதையாகக் காணிக்கை கொடுக்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் விதவையான அம்மாவுக்கு அனுப்பிவந்த 4,000 ரூபாயை ஐந்து மாதமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் தினமும் போனில் விசாரித்துக்கொள்கிறேன். கணவர் சண்டை போடுகிறார். என் விசுவாசத்தை வேதத்தின்மேல் இன்னும் உறுதியாகக் கட்டுவது எப்படி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, உங்கள் கணவரைப் பற்றிப் பேச இதில் ஒன்றுமில்லை. அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

“விசாரித்துக்கொள்கிறேன்” என்கிறீர்கள். 1 தீமோத்தேயு 5:8-ஐத் திறங்கள். தன் வீட்டாரை “விசாரியாமற்போனால்” அவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் தமிழில் விசாரிப்பது என்றால் பராமரிப்பது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, தேவையை முன்கூட்டியே யோசித்து வேண்டியதைச் செய்துவைப்பது என்று பொருள். “சாப்பிட்டியாம்மா?” என்று போனில் கேட்பது அந்த விசாரிப்பு ஆகாது. அரிசிக்கும் மாத்திரைக்கும் பணத்தை நிறுத்திவிட்டுக் கேட்பது கொடுமை. நான்கு வசனம் முன்னால், 5:4-ல், விதவையின் பிள்ளைகள் பெற்றோர் செய்த நன்மைக்குப் பதில் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். அதுவே தேவனுக்கு முன்பாகப் பிரியம் என்றும் சொல்கிறார்.

இப்போது மாற்கு 7:9 முதல் 13 வரை வாசியுங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் “கொர்பான்”, அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அன்றைக்குப் போதித்தார்கள். “தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்” என்று இயேசு அவர்களைக் கண்டித்தார். அவர் கண்டித்த அதே காரியத்தை, அதே வரிசையில், நீங்கள் ஐந்து மாதமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள்.

அட்டையில் இருப்பது ஒரு வசனம். இயேசுவின் போதனையில் அது சேர்ந்த பகுதி லூக்கா 6-ன் 27-ஆம் வசனத்தில் தொடங்குகிறது: சத்துருக்களைச் சிநேகியுங்கள், கேட்கிறவனுக்குக் கொடு, மன்னியுங்கள். 35-ல் “கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்” என்றவர், மூன்று வசனம் தாண்டி வட்டிக்கணக்கா சொல்லித்தருவார்? 27 முதல் 38 வரை பன்னிரண்டு வசனங்களில் காணிக்கை என்ற சொல்லே கிடையாது.

இப்படிப்பட்ட கடிதங்களில் அடுத்து வருவது ஏழை விதவை காணிக்கைப்பெட்டியில் போட்ட இரண்டு காசு. மாற்கு 12:41-ல் தொடங்காமல் 40-ல் தொடங்குங்கள். “விதவைகளின் வீடுகளைப் பட்சித்து” என்ற எச்சரிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண் போட்டது தன் ஜீவனத்துக்கு இருந்ததை. நீங்கள் போட்டது இன்னொரு விதவையின் ஜீவனத்துக்கு உரியதை.

வேதத்தின்மேல் கட்டுவது எப்படி என்று கேட்டீர்கள். ஒரு வசனம் மனதைத் தொட்டால், பேச்சு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து முடியும்வரை சத்தமாக வாசியுங்கள். வசன எண்களை லூக்கா போடவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வந்தவை. எண்ணோடு சேர்த்து வசனத்தைக் கத்தரித்து எடுப்பதால்தான் இத்தனை சேதமும். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், முன்னால் என்ன நடந்தது, நிபந்தனை ஏதாவது உண்டா. விளங்காத சொல்லை வேறொரு மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் தொகுத்துத் தரும் ஒத்துவாக்கிய அகராதியில் அதே சொல் வரும் மற்ற இடங்களையும் தேடுங்கள். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் போதும். இதைச் செய்து முடிக்கும்வரை அந்த வசனத்தை வைத்து பணம், வேலை, கல்யாணம் எதையும் முடிவு செய்யாதீர்கள். முடிவை முதலில் எடுத்துவிட்டு வசனம் தேடினால், எந்த முடிவுக்கும் ஒரு வசனம் அகப்படும். கோடு போட்ட வசனங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மாற்கு பதினாறே அதிகாரம். ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

சம்பளம் வந்ததும் முதலில் அம்மாவின் 4,000 போகட்டும். விட்டுப்போன 20,000-ஐ மாதம் 2,000 சேர்த்து அனுப்பினால் பத்து மாதத்தில் தீரும். அதற்குப் பிறகு கையில் இருப்பதிலிருந்து காணிக்கை கொடுங்கள். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. ஐந்து மாதம் ஏன் பணம் வரவில்லை என்பதை அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். வாக்குத்தத்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். 6:38 என்று இருப்பதை அடித்து, 6:27–38 என்று எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.