கோலாலம்பூரில் வீட்டு மதிப்பீட்டு வரியை எப்படிப் போடுகிறார்கள்? ஒரே மாதிரி வரிசை வீடுதான், பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஏன் குறைவு?

வீட்டின் விலையை இதில் பார்ப்பதில்லை. சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரி, வாடகையை வைத்துப் போடுவது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் ‘ஆண்டு மதிப்பு’. பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு அதைக் கணிப்பார்கள். நீங்களே குடியிருந்தாலும் கணக்கு மாறாது. (ஜொகூரில் மட்டும் சொத்தின் மதிப்பையே அடிப்படையாக எடுக்கிறார்கள். அங்கிருக்கும் சொந்தக்காரர் பில்லோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.)

பில்லில் ‘நிலாய் தஹுனான்’ (ஆண்டு மதிப்பு), ‘கடார்’ (வரி சதவீதம்) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஓராண்டு வரி. அதில் பாதிதான் ஒவ்வொரு பில்லும். முதல் பாதியை பிப்ரவரி கடைசிக்குள்ளும், இரண்டாம் பாதியை ஆகஸ்ட் 31க்குள்ளும் கட்ட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: வீட்டுக்குள் 100 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு மாதம் 12 வெள்ளி (ரிங்கிட்). கார் நிறுத்தும் இடம் 25 சதுர மீட்டர், அதற்கு 4 வெள்ளி. மாத வாடகை 1,300, ஆண்டு மதிப்பு 15,600. கோலாலம்பூரில் குடியிருப்பு வீட்டுக்கு 4 சதவீதம் என்றால் 624 வெள்ளி, அரையாண்டுக்கு 312. பினாங்கில் தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், செபராங் பிறைக்கு ஒன்று; முறை இதேதான், சதவீதத்தை அந்தந்த மன்றம் முடிவு செய்யும்.

பக்கத்து வீட்டு வித்தியாசம் பெரும்பாலும் பின்பக்கச் சமையலறையில்தான் இருக்கும். பிளான் அனுமதி வாங்கி 20 சதுர மீட்டர் நீட்டியிருந்தால், மேலே சொன்ன கணக்கில் ஆண்டுக்கு 115 வெள்ளி 20 காசு கூடும். உங்களுக்கு முன்பு இருந்தவர் நீட்டியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் நீட்டாமல் இருக்கலாம். மூலை வீடு என்றால் கூடுதல் நிலமும் கணக்கில் சேரும்.

இன்னொன்று, மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டுப் பட்டியலில் இருப்பது இன்றைய வாடகை அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய பட்டியல் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் தள்ளிப்போடவும் இடம் தருகிறது. கோலாலம்பூரில் 1992இன் மதிப்பே 2014 வரை ஓடியது. பிறகு ஒரேயடியாக ஏற்றியபோது எழுந்த கூச்சலில்தான் வீட்டு வரி 6 சதவீதத்திலிருந்து 4க்கு இறங்கியது.

ஆட்சேபம் செய்ய நினைத்தால், ‘வரி அதிகம், கட்ட முடியவில்லை’ என்று எழுதிப் பயனில்லை. வாதாட வேண்டியது ஆண்டு மதிப்பைப் பற்றி மட்டுமே. புதிய மதிப்பை அறிவிக்கும் நோட்டீசில் விசாரணை நாள் போட்டிருக்கும். அதற்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். முதலில் பரப்பளவு சரியா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பட்டியலில் அது தவறாக இருந்தால், உங்கள் ஆட்சேபத்தை மன்றம் மறுப்பது கடினம். அடுத்து, அதே சாலையில் அதே அளவு வீடுகளின் ஆண்டு மதிப்பும், முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தங்களின் நகலும். விளம்பரத்தில் கேட்கும் வாடகை சான்றாகாது. மன்றத்தின் முடிவு பிடிக்காவிட்டால் உயர்நீதிமன்றம்தான். சில நூறு வெள்ளிக்காக வழக்கறிஞர் வைப்பது கட்டுப்படியாகாது. ஆட்சேபம் கொடுத்ததற்காகப் பில்லைக் கட்டாமல் விடாதீர்கள், பாக்கி ஏறும்.

வீடு வாங்கி மூன்று மாதத்துக்குள் ‘போரம் I’ என்ற உரிமை மாற்ற அறிவிப்பை மன்றத்திடம் கொடுத்துப் பெயரை மாற்றிவிட வேண்டும். வழக்கறிஞர் செய்திருப்பார் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பில் பழைய உரிமையாளர் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். பில் வரவில்லை என்பது காரணமாகாது. பாக்கி ஆளோடு போகாது, வீட்டோடுதான் இருக்கும். ஆகவே வாங்கும்போதே கடைசி ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டாவிட்டால் ‘போரம் E’ என்ற பாக்கி நோட்டீஸ் வரும், அதில் 15 நாள் அவகாசம். அதற்குப் பிறகு வாரண்ட். அந்த வாரண்டில் வீட்டுக்குள் இருக்கும் பொருளை, அது யாருடையதாக இருந்தாலும், எடுத்துப் போகலாம். வாடகைக்கு இருப்பவரின் டிவியும் அதில் அடக்கம்.

நில வரி வேறு. அது நில அலுவலகத்துக்கு. கொண்டோவின் பராமரிப்புக் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் இதில் சேராது.