வெட்டுத் தீர்மானம் ஜெயிக்கப் போவதே இல்லை என்றால், அதை எதற்குக் கொண்டுவருகிறார்கள்?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். நான் பதினோராம் வகுப்போடு நின்றவன். "டிரைவருக்கு நாடாளுமன்றத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது கேட்டால், கேட்டுக்கொள்ளட்டும். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

2010இல் திருப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டினேன். தவணையில் எடுத்த வண்டி. பனியன் கம்பெனிகளுக்குத் துணி பண்டல் ஏற்றுவேன். பிப்ரவரி 26 அன்று, காங்கிரஸ் தலைமையிலான அரசின் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி வாசித்த பட்ஜெட்டில் பெட்ரோல், டீசல் கலால் வரி லிட்டருக்கு 1 ரூபாய் கூடியது. கச்சா எண்ணெய்க்கு மறுபடியும் சுங்க வரி போட்டார்கள். உடனே டீசல் லிட்டருக்கு 2 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. நடைக்கு இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டேன். "வேற வண்டி பார்த்துக்கறோம்" என்றார் கம்பெனி சூப்பர்வைசர்.

அப்போதுதான் எங்கள் ஸ்டாண்டில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் வெட்டுத் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு மக்களவையில் கேட்பது மானியக் கோரிக்கை. அந்தத் தொகையைக் குறை என்று உறுப்பினர் கொடுப்பது வெட்டுத் தீர்மானம். கொள்கையே தப்பு என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். செலவு அதிகம் என்றால் குறிப்பிட்ட தொகையை வெட்டச் சொல்வார்கள். ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்கு என்றால் 100 ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்வார்கள். "இது ஜெயிச்சா வரி தானா குறையாது தம்பி, ஆனா அரசுக்குப் பெரும்பான்மை இல்லன்னு ஆயிடும், ஆட்சி நிக்காது" என்றார்.

அந்த விலை உயர்வை எதிர்த்து வந்த வெட்டுத் தீர்மானத்துக்கு ஏப்ரல் 27 அன்று மக்களவையில் ஓட்டெடுப்பு. அதே நாளில் விலை உயர்வுக்கு எதிராக 13 கட்சிகள் அழைத்த பந்த். வண்டியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பாஜகவும் இடதுசாரிகளும் தனித்தனியாகத் தீர்மானம் கொடுத்திருந்தார்கள். தோற்றுப்போனது. ஆதரவு 201, எதிர்ப்பு 289.

எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் எத்தனை தெரிந்தது பாருங்கள். பந்துக்கு அழைத்த கட்சிகளில் முலாயமின் சமாஜ்வாதியும் லாலுவின் ராஷ்டிரிய ஜனதா தளமும் உண்டு. ஓட்டெடுப்பு வந்ததும் இரண்டும் வெளிநடப்பு. மாயாவதி கட்சி அரசுப் பக்கம் நின்றது. ஜார்க்கண்டில் பாஜக தயவில் முதல்வராக இருந்த சிபு சோரன் இங்கே மக்களவையில் அரசுக்கு ஓட்டுப் போட, பாஜக அங்கே ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. தெருவில் என்ன வேண்டுமானாலும் பேசலாம்; ஓட்டெடுப்பு வந்தால் ஆமாம், இல்லை, அல்லது எழுந்து வெளியே போவது, அவ்வளவுதான் வழி. அதைச் செய்ய வைப்பதுதான் வெட்டுத் தீர்மானம். ஜெயிப்பது இரண்டாம் பட்சம்.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆட்சிக்கு வந்தவர்களும் கலால் வரியை ஏற்றத்தான் செய்தார்கள். 2023 மார்ச் 23 அன்று மானியக் கோரிக்கைகள் எல்லாமே கில்லட்டின் முறையில், அதாவது மொத்தமாக ஓட்டுக்கு விட்டு, விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறின. அன்று இரண்டு பக்கமும் கூச்சல். எத்தனை லட்சம் கோடி, ஒரு துறையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஜெயிக்காத தீர்மானம் எதற்கு என்று கேட்கிறீர்கள். பேசாமலே பணம் போகிறதே, அதைக் கேளுங்கள் முதலில்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நடைக்கு இருபது ரூபாய் தர மறுத்த அந்தக் கம்பெனி, எனக்கு மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு யூனிட்டை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. பில் எல்லாம் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.