வாசகர் கேள்வி: பழைய எதிர்காலம்

கேள்வி: '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்தேன். எதிர்காலக் கதையாம், எனக்கென்னவோ பழைய காலம்தான் தெரிகிறது!
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். படம் வந்தது 1968இல், மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம் என்பதால்தான் விண்வெளி நிலையத்திலும் அமெரிக்கர் ரஷ்ய விஞ்ஞானிகளிடம் சிரித்துப் பேசிக்கொண்டே விஷயத்தை மறைக்கிறார். விண்கலத்தில் பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பனியின் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கம்பனி 1991இலேயே மூடப்பட்டுவிட்டது! நிலவுக்கே போனாலும் அமெரிக்கப் பெண்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு தூக்குகிற வேலைதான், எனக்கு எரிச்சல் அதில்தான். அப்புறம், கதையில் பங்குள்ள எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் யார் தெரியுமா? 1956இல் உங்கள் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர்.