ஆர்ச்டாப் கித்தாரில் டிஆர்மண்ட் பாணி மறுவுற்பத்தி பிக்கப்பைத் துளை போடாமல் பொருத்துவது எப்படி? பி தந்தி மட்டும் ஏன் உரக்கக் கேட்கிறது?

கேட்டவர் பினாங்கில் இருக்கிறார். ஆர்ச்டாப் என்பது மேற்பலகை வளைந்த கித்தார்; அவருடையதில் ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் தந்திகள். வாங்கியிருப்பது டிஆர்மண்ட் நிறுவனத்தின் ரிதம் சீஃப் மாடலின் சாயலில் செய்த பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வைக் காந்தத்தால் மின்னலையாக்கும் கருவி. இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் பிக்கப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

காந்த பிக்கப்புக்கு இரும்பு மட்டும்தான் 'தெரியும்', நிக்கலும் ஓரளவு தெரியும். பிரான்ஸ் சுற்று செம்புக் கலவை, காந்தத்துக்கு அது இல்லாதது போலத்தான். ஆகவே தடித்த நான்கு தந்திகளிலும் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு நரம்பு மட்டுமே வேலை செய்கிறது. பி, மேல் ஈ இரண்டும் முழு எஃகு. அவற்றில் பி தடிமனானது, அதனால் அது முந்திக்கொள்கிறது. ரிதம் சீஃப் 1100 வகை பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் திருகு உண்டு: பி திருகை முழுக்க இறக்கி, மற்றவற்றை ஏற்றிப் பாருங்கள். திருகில்லாத வகையில் பிக்கப்பையே சாய்க்கலாம், ஆனால் மேல் ஈ தந்தியின் ஒலியும் சேர்ந்து மெலியும். தந்தியை மாற்றுவதே சரியான மருந்து: நிக்கல் சுற்று, 12–52 (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), ஜி தந்தியும் சுற்றுடன். ஜி வெறும் எஃகாக இருந்தால் அதே தொல்லை அங்கே இடம் மாறும்.

மாற்றும்போது ஆறு தந்தியையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் பாலம் பலகையில் ஒட்டப்படாதது, நகர்ந்துவிட்டால் சுருதி போய்விடும்.

இப்போது பொருத்துதல். பிக்கப்பை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தியபடி, ஃபிங்கர்போர்டு முனையருகே தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து மேற்பலகை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பிக்கப்பின் தடிமனோடு மேலே 2.5, கீழே 2 மில்லிமீட்டர் கூட்டுங்கள். 13 மில்லிமீட்டர் பிக்கப்புக்குப் பதினேழரை வேண்டும். இடம் போதவில்லை என்றால் பலகையை வெட்டவேண்டாம், மெல்லிய பிக்கப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். செதுக்கிய பலகையில் விழுந்த துளையை எந்தக் கைவினைஞராலும் இல்லாததாக்க முடியாது.

இந்த அளவை ஏர்கான் அறையில் மட்டும் எடுத்தால் ஏமாறுவீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பலகை ஊதி மேலெழும்பும், கீழே விட்ட இடைவெளி குறையும், கடைசியில் பிக்கப் பலகையைத் தொட்டு 'ஜ்ர்ர்' என்று அதிரும். வழக்கமாக வாசிக்கும் இடத்தில் கித்தார் இரண்டு நாள் இருந்த பிறகு அளந்து பொருத்துங்கள். ஆபத்துக்கு உதவும் என்று ரப்பரோ இரட்டைப் பக்க நுரை டேப்போ அடியில் வைக்காதீர்கள்: வெப்பத்தில் பசை இளகும், நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) பூச்சாக இருந்தால் கறை நிலைத்துவிடும். மெல்லிய ஃபெல்ட் போதும்.

நீண்ட தண்டு வகையில், பாலத்துக்கும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் தடித்த தந்திகளைக் கவ்வும் பிடி இருக்கும். அதை இறுக்கமாக வையுங்கள், தளர்ந்தால் அதுவே தனியாக அதிரும். பிக்கப்பை ஃபிங்கர்போர்டு பக்கம் தள்ளினால் ஒலி உருண்டையாகும், பாலத்துப் பக்கம் வந்தால் கூர்மையாகும். ஜாஸுக்கு ஃபிங்கர்போர்டு முனையை ஒட்டிய இடமே என் தேர்வு. தந்திக்கு மிக அருகில் ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி பிசகும்.

ஒலியளவுக்கு 500 கிலோ ஓம் லாக் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), டோனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு தகட்டின் அடியில் ஒளிக்க 16 மில்லிமீட்டர் சிறிய பாட் வேண்டும். கோலாலம்பூர் பக்கம் போனால் ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளில் பாருங்கள். வயர் செருகும் ஜாக்கையும் பிக்கார்டு தாங்கியிலேயே பொருத்துங்கள். எண்ட்பின் ஜாக் (கித்தாரின் அடிமுனையில் பட்டை மாட்டும் பின்னின் இடத்தில் வைப்பது) போட அங்குள்ள மரத்தில் அரை அங்குலம் வரை துளையைப் பெரிதாக்கவேண்டும், அதற்குப் பிறகு பழைய பின் நிற்காது.

கடைசியாக இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலைப் பிடிக்கும், அதை முழுதாக நீக்க முடியாது. ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் முனகல் குறைகிறது, தந்தியைத் தொட்டால் குறையவில்லை என்றால், தந்திக்கு எர்த் இல்லை என்று பொருள். பாட்டின் முதுகிலிருந்து மெல்லிய வயரை டெயில்பீஸின் கீலுக்கு அடியில் செருகுங்கள். மரத்தாலான டெயில்பீஸ் என்றால், தந்தி முனைகள் தொடும் இடத்தில் ஒரு செம்புத் தகடும் தேவை. ஜாக்கைத் தொடும்போது முனகல் கூடினால் ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. இப்படி எர்த் கொடுத்த பிறகு ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒருபோதும் துண்டிக்காதீர்கள். தந்தியைத் தொடும் உங்கள் விரல்கள் அந்த எர்த்தோடு இணைந்திருக்கின்றன.