ஜாகுவார் இ-டைப்பா, போர்ஷே 911-ஆ: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, ஒன்று 265 குதிரைத்திறன், இன்னொன்று 130. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?

பதில்: நேர்ச்சாலையில் ஒன்றுமில்லை, ஜாகுவார்தான். 1961-ல் ஜெனீவாவில் வந்த இ-டைப்பில் 3.8 லிட்டர் இன்ஜின். 1964-ல் விற்பனைக்கு வந்த 911-ல் காற்றால் குளிரும் 2 லிட்டர். ஆனால் இன்ஜின் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே நீண்ட பானட்டுக்கு அடியில், இங்கே பின் அச்சுக்கும் பின்னால். ஓட்டும்போது தெரியும் வித்தியாசமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: பழைய 911 வளைவில் வாலை வீசும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். வளைவுக்குள் போனபின் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்பக்கம் போய்விடும், பின் டயருக்குப் பிடி குறையும், பின்னால் தொங்கும் இன்ஜின் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை எல்லாம் முன்னாடியே முடித்துவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடியே வெளியே வாருங்கள். இதைச் சமாளிக்க முன் பம்பரின் இரண்டு முனையிலும் இரும்புக் கட்டி வைத்தே விற்றார்கள், சிரிக்காதீர்கள். 1969 மாடலில்தான் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளிச் சரியான வழிக்கு வந்தார்கள்.

கேள்வி: இ-டைப்பில் 3.8 லிட்டர் இன்ஜின் நல்லதா, 4.2 லிட்டர் நல்லதா?

பதில்: ஓட்டுவதற்கு 4.2. நிறுவனம் சொன்ன குதிரைத்திறன் அதே 265தான், ஆனால் இழுவை கூடுதல். முக்கியமாக கியர்பாக்ஸ்: 3.8-ல் முதல் கியருக்கு சின்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது அதைப் போட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும். சீட்டும் 4.2-ல் மேல். சேகரிப்பவர்கள் 1962 தொடக்கம் வரை வந்த, கால் வைக்கப் பள்ளமில்லாத தட்டைத் தரை வண்டிக்குத்தான் கொட்டிக் கொடுக்கிறார்கள். உயரமான ஆள் அதில் முட்டியை எங்கே வைப்பார் என்பது அவர்களுக்குக் கவலையில்லை போல.

கேள்வி: 911-க்கு முதலில் வைத்த 901 என்ற பெயரை ஏன் மாற்றினார்கள்?

பதில்: நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் எங்களுடையது என்று பிரெஞ்சு கார் நிறுவனம் பெஜோ சண்டைக்கு வந்தது. அவ்வளவுதான்.

கேள்வி: சார், பராமரிப்பில் எது கையைக் கடிக்கும்?

பதில்: துரு இரண்டையும் தின்னும், பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஜாகுவாரில் பின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர்ப் பெட்டியான டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. சூட்டில் சீல் கெட்டு எண்ணெய் கசிந்து டிஸ்க்கிலேயே விழும். ஒழுங்காகச் சரிசெய்ய பின் சஸ்பென்ஷனை மொத்தமாக இறக்க வேண்டும், கூலி பழுத்துவிடும். 911-ல் ஆயில் அளவை இன்ஜின் சூடாகி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்கணும். குளிர்ந்திருக்கும்போது பார்த்து, குறைகிறதே என்று ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: சரி, நீங்கள் எதை எடுப்பீர்கள்?

பதில்: 1969 911. நிறுத்தி வைத்து அழகு பார்க்க இ-டைப்புக்கு ஈடில்லை, நான் தினமும் ஓட்டுகிற ஆள்.

கேள்வி: என் கேரேஜ் சின்னது, இ-டைப் அடங்குமா?

பதில்: அடங்கும். ஆனால் அந்த பானட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், சுவரை ஒட்டி நிறுத்தினால் இன்ஜினைத் தொடவே முடியாது. பின்பக்கமாக உள்ளே விடுங்கள்.